றொட்ஜர்ஸும் கவ்வாத்துக் கத்தியும்

ஓர் ஆங்கிலேயக் கத்திக் கம்பனியின் பெயர் சிங்களப் பேச்சில் பெயரடையாக மாறிய செய்தியை ஷெபீல்ட் நகரத்தின் கைத்தொழில் வரலாற்றை எழுதியோர் சொல்லாமல் விடுவதில்லை. கம்பனியின் பெயர் ஜோசப் றொட்ஜர்ஸ் அண்ட் சன்ஸ். அதன் சட்டைப்பைக் கத்திகளுக்கு இலங்கையில் இருந்த மதிப்பினால், எந்தப் பொருளையும் முதல்தரமானது என்று சொல்வதற்கு அந்தப் பெயரையே சிங்களவர் வழங்கத் தொடங்கினர் என்பது அவர்கள் தரும் தகவல். ஷெபீல்டுக்காரர்களுக்கு அதிலே பெருமை இருக்கத்தான் செய்யும். லிந்துலையில் பிறந்த எனக்கோ அதைப் படிக்கும்போதெல்லாம் வேறொரு கேள்வி எழுகிறது. அந்தக் கத்தி இந்த மலைகளில் யாருடைய பையில் இருந்தது?

அண்மைக் காலத்தில் இக்கேள்விக்கு ஓர் அவசரம் வந்திருக்கிறது. பழைய மடக்குக் கத்திகளைச் சேகரிக்கும் ஆர்வம் உலகெங்கும் பெருகிவிட்டது. முத்திரை சேகரிப்போரையும் நாணயம் சேகரிப்போரையும் நாம் நெடுங்காலமாக அறிவோம். கத்தி சேகரிப்போர் அவர்களுக்குப் பின்னே ஓசையின்றி வந்தவர்கள். அமெரிக்காவில் 1970களின் தொடக்கத்திலேயே இவர்களுக்குச் சங்கம் தோன்றிவிட்டது. இணைய ஏலங்கள் வந்தபின் அவ்வார்வம் எல்லை கடந்தது. கொழும்பிலும் கண்டியிலும் பழம்பொருட் கடைக்காரர்கள் முன்பு பித்தளைக் குத்துவிளக்குக்கும் பாக்குவெட்டிக்கும் கொடுத்த கண்ணாடிப் பெட்டியில் இப்போது மடக்குக் கத்திகளையும் வைக்கின்றனர். ரொறன்ரோவிலிருந்து வந்த நண்பர் ஒருவர் தலவாக்கலை, லிந்துலை, அக்கரப்பத்தனை என்று மூன்று நாள் என்னை அலைக்கழித்தார். துரைமார் விட்டுச்சென்ற பங்களாச் சாமான்களில் ஷெபீல்ட் கத்தி ஒன்றாவது அகப்படாதா என்பது அவர் ஏக்கம்.

அவர் ஏக்கத்துக்குக் காரணம் உண்டு. 1869இல் காப்பியைத் தாக்கிய இலைநோயினால் காப்பி அழிந்து தேயிலை வந்தது. புகையிரதப் பாதை 1885இல் நானுஓயாவை எட்டியது. திம்புளைப் பள்ளத்தாக்கு முழுவதும் ஸ்கொத்லாந்துப் பெயர்கள் முளைத்தன. லிந்துலைக்கருகே திலிகூற்றி என்றொரு தோட்டம் இருக்கிறதே, அது ஸ்கொத்லாந்தின் நெசவு நகரம் ஒன்றின் பெயர். அந்தப் பெயர்களோடு வந்த இளந்துரைமாரின் காற்சட்டைப் பைகளில் ஷெபீல்ட் கத்திகளும் வந்திருக்கும் என்று கருதுவதில் பிழையில்லை. அவர்களுக்கு முன்னோடி ஒருவரும் உண்டு. 1848 முதல் 1855 வரை நுவரெலியாவில் வாழ்ந்த சாமுவேல் பேக்கர், பின்னாளில் நைல் நதியின் மூலத்தைத் தேடிச் சென்று புகழ்பெற்றவர். அவர் இம்மலைகளில் வேட்டைநாய்களை ஏவிக் கடமான்களை மடக்கி, துப்பாக்கியின்றிக் கத்தியாலேயே முடித்தவர். அதை ஒரு வீர விளையாட்டாகவே தம் நூலில் விவரித்திருக்கிறார். அந்த மானின் கொம்பு துணைக்கண்டத்திலிருந்து கப்பலேறி ஷெபீல்டுக்குப் போய்க் கத்திப் பிடியாகி மீண்டும் துரைமாரின் கைக்கு வந்த காலம் அது. (கடமான் கொம்பு ஏற்றுமதியை இந்தியா பிற்காலத்தில் தடைசெய்தது. சேகரிப்போர் இன்று கொம்புப் பிடிக் கத்திக்குக் கூடுதல் விலை கொடுப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.)

சேகரிப்புக் கலையில் சுவையான நுட்பங்கள் உள்ளன என்பதை மறுப்பதற்கில்லை. றொட்ஜர்ஸ் கத்தியின் அலகடியில் ஒரு நட்சத்திரமும் மோல்ட்டாச் சிலுவையும் இருக்கும். ஷெபீல்ட் கத்தித் தொழிலாளர் சங்கம் 1764இல் அவர்களுக்கு அளித்த முத்திரை அது. 1822இல் நான்காம் ஜோர்ஜ் மன்னர் அவர்களை அரச கத்தி செய்வோராக நியமித்தார். அந்த ஆண்டு 1822 அலகுகள் கொண்ட ஒரு காட்சிக் கத்தியையும் அவர்கள் செய்தார்கள். இத்தனை அலகுகளை வைத்துக்கொண்டு ஒரு மாம்பழத்தையேனும் நறுக்க முடியுமா என்று கேட்கக்கூடாது. வியாபாரத்தின் மீசை முறுக்கல் அது. அரச நியமனத்தின் பின் கிரீடமும் மன்னரின் முதலெழுத்துகளும் அலகில் ஏறின. விக்டோரியாவின் எழுத்துகள் இருந்தால் அக்கத்தி 1901க்கு முந்தியது. எட்வர்டின் எழுத்துகள் இருந்தால் 1901க்கும் 1910க்கும் இடைப்பட்டது. ஜோர்ஜ் என்றால்தான் குழப்பம். நான்காமவரா, ஐந்தாமவரா, ஆறாமவரா என்று பிடியையும் ஆணியையும் பார்த்துத்தான் தெளியவேண்டும்.

போலிகளும் மலிந்திருந்தன. ஜெர்மனியின் ஸோலிங்கன் நகரத்துப் பட்டறைகளிலிருந்து ஷெபீல்ட் என்ற பொய் முத்திரையோடு கத்திகள் வந்து குவிந்தன. 1887ஆம் ஆண்டின் வணிகக் குறிச் சட்டத்தைப் பிரித்தானிய நாடாளுமன்றம் இயற்றியதற்கு இந்தக் கத்திச் சண்டையும் ஒரு காரணம். பிறந்த நாட்டைப் பொருளிலேயே பொறிக்கும் வழக்கம் இப்படித்தான் பரவியது.

இத்தகைய கத்திக்குத் தமிழில் நமக்கு ஒரு நல்ல சொல் இருக்கிறது: வில்லுக்கத்தி. வில் என்றால் இங்கே அம்பெய்யும் வில்லன்று, கடிகாரத்து வில். கத்தியின் முதுகுப்புறத்தில் ஓர் எஃகுத் தகடு வளைந்து நின்று அலகின் அடியை அழுத்துகிறது. திறந்தால் திறந்தபடியும் மூடினால் மூடியபடியும் அலகு நிற்பது அதனால்தான். ‘பேனாக்கத்தி’ என்பதோ ஆங்கிலச் சொல்லின் நிழல். வாத்திறகுப் பேனாவைச் சீவிய காலத்துப் பெயர் அது. இறகு போன பின்னும் பெயர் மட்டும் தங்கிவிட்டது. பொருளின் இயக்கத்தைப் பார்த்துப் பெயர் வைத்தவன் வில்லுக்கத்தி என்றான். அவன் கடையில் வாங்கிய துரையாக இருந்திருக்கமாட்டான், கத்தியைப் பிரித்துப் பார்த்த கொல்லனாகத்தான் இருந்திருப்பான் என்பது என் ஊகம்.

லயங்களிலும் வில்லுக்கத்தி இருந்தது. பெரும்பாலும் பெயரற்ற மலிவுக் கத்தி. மடியில் வெற்றிலைப் பையோடு கிடக்கும். பாக்கைச் சீவும், புகையிலையை நறுக்கும், காலில் ஏறிய முள்ளை எடுக்கும், ஆட்டுக்குக் கட்டும் கயிற்றை அறுக்கும். துருப்பிடிக்காத எஃகை ஹரி பிறியர்லி ஷெபீல்டில் கண்டறிந்தது 1913இல்தான். அதற்கு முந்திய எஃகும் பின்னாளின் மலிவு எஃகும் லிந்துலையின் மூடுபனியில் ஓரிரவு கிடந்தாலே செம்மண் நிறம் பூண்டுவிடும். ஆகவே தலைக்கு வைத்த தேங்காயெண்ணெயின் மிச்சத்தை அலகில் தடவுவார்கள். எங்கள் லயத்தில் ஒரு முதியவர் தலையிலேயே அலகை இரு புறமும் தேய்த்துக்கொள்வார். பார்ப்பவருக்கு வயிறு கலங்கும். அவருக்கு அது அன்றாடம்.

அந்தக் கத்தி மடியிலிருந்து இறங்கியதற்கும் ஒரு வரலாறு உண்டு. 1983க்குப் பிந்திய அவசரகால ஆண்டுகளில், கொழும்புக்குப் பஸ் ஏறும் தோட்டத்து இளைஞனிடம் அடையாள அட்டை இல்லாவிட்டாலும் சந்தேகம், சட்டைப்பையில் கத்தி இருந்தாலும் சந்தேகம். சோதனைச் சாவடியில் வில்லுக்கத்திக்குப் பாக்குச் சீவுவது என்ற விளக்கம் எடுபடவில்லை. அதை வீட்டிலேயே விட்டுச்செல்ல எங்கள் தலைமுறை பழகிற்று. பிறகு மறந்தும் போயிற்று. ஜப்பானிலும் ஏறத்தாழ இது நடந்தது. 1960இல் சோசலிசக் கட்சித் தலைவர் அசானுமா மேடையிலேயே ஓர் இளைஞனால் குத்திக் கொல்லப்பட்டபின், பிள்ளைகளிடம் கத்தி கூடாது என்ற இயக்கம் பரவியது. பள்ளிப் பிள்ளைகள் பென்சில் சீவிய ஹிகோனோகாமி என்ற மடக்குக் கத்தி அத்தோடு பைகளை விட்டு அகன்றது. இன்று அது சேகரிப்போரின் செல்லப் பொருள். பிரான்சின் சவோய் மலைநாட்டில் ஜோசப் ஒப்பினெல் 1890இல் செய்யத் தொடங்கிய மரப்பிடிக் கத்தியும் குடியானவனின் கத்தியாகவே பிறந்தது. இப்போது நூதனசாலைகளில் இருக்கிறது. ஆக, உழைப்பாளியின் கத்தியை உலகம் சேகரிப்பதில்லை என்று சொல்லமுடியாது. எங்கள் மலையில் மட்டும் ஏன் அது நடக்கவில்லை என்பதுதான் கேள்வி.

நண்பரோடு அலைந்த மூன்று நாளில் எனக்கு ஒரு விடை கிடைத்தது. ஒரு வீட்டில் பழைய வில்லுக்கத்தி ஒன்றை எடுத்துக் காட்டினார்கள். பிடி உடைந்து நூல் சுற்றியிருந்தது. அலகு தேய்ந்து தேய்ந்து ஈர்க்கின் அகலத்துக்கு வந்திருந்தது. நண்பர் மரியாதையாகப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். வெளியே வந்ததும் சேகரிப்போரின் சட்டத்தை எனக்கு விளக்கினார். அலகு முழுமையாக இருக்கவேண்டும். தீட்டித் தேய்ந்த அலகுக்கு விலையில்லை. பாவிக்கப்படாமல் பெட்டியில் கிடந்த கத்திதான் உச்சம். அவர் சொன்னது சந்தையின் நியாயம். ஆனால் அந்நியாயப்படி, கத்தி தன் வேலையைச் செய்யச் செய்ய வரலாற்றிலிருந்து தன்னையே அழித்துக்கொள்கிறது. வேலை செய்யாத கத்தி நிலைக்கிறது. துரையின் மேசை இழுப்பறையில் கிடந்த கத்தி முழு அலகோடு வந்து நம்மிடம் சாட்சி சொல்கிறது. லயத்துக் கத்தி தீட்டுக்கல்லில் கரைந்து கானில் ஓடிவிட்டது.

இதன் உச்சமான உதாரணம் பைக்குள் அடங்காத ஒரு கத்தி. தேயிலையைப் பற்றி எழுதுவோர் அனைவரும் கொழுந்தைப் பற்றியே எழுதுகிறார்கள். கொழுந்துக் கூடையோடு நிற்கும் பெண்ணின் படமின்றி ஒரு தேயிலைப் பெட்டியும் இல்லை. கவ்வாத்தைப் பற்றி எழுதுவோர் குறைவு. வெட்டாமல் விட்டால் தேயிலை மரமாகிவிடும். அதைச் செடியாக, பெண்ணின் இடுப்பளவில் வைத்திருப்பது கவ்வாத்துக் கத்தி. உயர்ந்த மலைகளில் நான்கைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒவ்வொரு செடியையும் வெட்டி இறக்குவார்கள். பச்சையாக இருந்த மலை ஒரே வாரத்தில் எலும்புக்காடாய் நிற்கும். சில இடங்களில் ஒரு கிளையை மட்டும் இலையோடு விட்டுவைப்பதுண்டு. செடி மூச்சுவிடுவதற்கு என்று அதற்குக் காரணம் சொல்வார்கள். ஆங்கிலத்தில் அக்கிளைக்குப் பெயரே நுரையீரல்.

கவ்வாத்து ஆண்களின் வேலை. கத்தியின் நுனி சற்றே உள்வளைந்திருக்கும். தடித்த வாதானாலும் ஒரே வீச்சில், சரிவாக, வழுவழுப்பாக அறுபடவேண்டும். பட்டை கிழிந்தால் அந்தக் காயத்தின் வழியே அழுகல் இறங்கும். அடுத்த சுற்றில் அந்தச் செடி சாகும். தலவாக்கலை சென்ற் கூம்ஸ் தோட்டத்தில் இயங்கும் தேயிலை ஆராய்ச்சி நிலையம் (இந்நிறுவனம் 1925இல் தொடங்கப்பட்டது) கவ்வாத்துக்கு முன் வேரில் மாச்சத்து போதுமா என்று அயடீன் இட்டுச் சோதிக்கும் முறையையெல்லாம் வகுத்துத் தந்திருக்கிறது. ஆனால் சோதனை முடிந்தபின் கத்தி போவது கவ்வாத்துக்காரரின் கைக்குத்தான். செடி ஒவ்வொன்றுக்கும் வயது வேறு, வாது வேறு, சாய்வு வேறு. எதை வெட்டுவது, எதை விடுவது என்று அவர் ஒரு கணத்தில் தீர்மானிக்கிறார். இடையிடையே இடுப்பிலுள்ள தீட்டுக்கல்லை எடுத்து இரண்டு இழுப்பு. மழைக்குப் படங்கு, குளிருக்குக் கம்பளி. வெட்டி விழுந்த மிலாறு அடுப்புக்கு.

கவாத்து என்ற சொல் தமிழில் படைப்பயிற்சியையும் குறிக்கும். வரிசையாக நின்று ஒரே ஓசையோடு கை ஓங்கும் மனிதரைப் பார்த்தவர்களுக்கு இரண்டுக்கும் ஒரே சொல் இருப்பதில் வியப்புத் தோன்றாது.

இந்தக் கத்தியை எந்தச் சேகரிப்பாளரும் என்னிடம் கேட்டதில்லை. நாட்டின் சட்டமும் இதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டம் தொல்பொருள் என்பதற்கு வைத்த அடிப்படை எல்லை 1815 மார்ச் 2. கண்டி இராச்சியம் பிரித்தானியர் கைக்குப் போன நாள். தோட்டங்களுக்கு எங்கள் முன்னோர் வரத்தொடங்கிய ஆண்டாக நாம் நினைவுகூர்வது 1823. எட்டே ஆண்டு வித்தியாசத்தில் மலையகத் தமிழரின் பொருள்கள் அத்தனையும் எல்லைக்கு வெளியே போய்விட்டன. 1988இல் வந்த பண்பாட்டுச் சொத்துச் சட்டம் பழம்பொருள் ஏற்றுமதிக்கு அனுமதிப் பத்திரம் கேட்கிறது, உண்மைதான். ஆனால் துருப்பிடித்த கவ்வாத்துக் கத்தியைப் பண்பாட்டுச் சொத்தென்று எந்தச் சுங்க அதிகாரி நினைப்பார்? பழைய இரும்புக்காரர்தான் நிறுத்து வாங்குகிறார்.

ஆனந்த குமாரசுவாமியையும் இங்கே நினைக்கவேண்டியிருக்கிறது. 1903 முதல் 1906 வரை கனியவள அளவையின் பணிப்பாளராக இம்மலைகளெங்கும் நடந்தவர். அந்த நடையில் திரட்டியதைக் கொண்டு 1908இல் ‘இடைக்காலச் சிங்களக் கலை’ என்ற பெருநூலை வெளியிட்டார். வில்லியம் மொறிஸ் பயன்படுத்திய அதே அச்சியந்திரத்தில் அச்சிட்ட நூல் அது. வெள்ளி இழைத்த கண்டிக் கத்திகளையும் அவற்றைச் செய்த கம்மாளரையும் அந்நூல் காப்பாற்றித் தந்தது. அவர் நடந்த வழியெங்கும் கவ்வாத்து நடந்துகொண்டிருந்தது. கைவினையை அழித்த தோட்ட முதலாளித்துவத்தின் கருவியாகவே அதை அவர் கண்டிருக்கக்கூடும். குறை சொல்ல நான் துணியமாட்டேன். ஆயினும் அந்தக் கருவியைப் பிடித்த கைக்கும் ஒரு கைவினை இருந்தது. அதற்கு ஒரு குமாரசுவாமி கிடைக்கவில்லை. 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து நாடாளுமன்றம் சென்ற சி. வி. வேலுப்பிள்ளை தோட்டத்துப் பாடல்களைத் தேடித் திரட்டினார். அதனால் அவை நூலாக நிற்கின்றன. பொருள்களைத் திரட்டும் வேலை மிகவும் பிந்தியே தொடங்கியது. கம்பளைக்கருகே ஓல்ட் பீகொக் தோட்டத்தின் பழைய லயத்தில் 2007இல் அமைந்த தொழிலாளர் நூதனசாலையை நான் மதிப்பது அதனால்தான். ஹந்தானையில் 2001இல் திறக்கப்பட்ட தேயிலை நூதனசாலையில் இயந்திரங்கள் பளபளக்கின்றன; இங்கே காம்பராவும் அடுப்பும் கருவிகளும் இருக்கின்றன. தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு 2023இல் நடந்த 200ஆம் ஆண்டு நடைபயணத்தின்போது பல இளைஞர்கள் வீட்டுப் பரணில் தேடத் தொடங்கினார்கள் என்பதையும் நேரில் கண்டேன்.

தேடவேண்டிய இடம் இலங்கை மட்டுமன்று. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கென்று கணக்கிட்டது. தலவாக்கலை நிலையத்தில் ஒப்பாரிக் கோச்சி நின்ற நாட்களை நான் சிறுவனாகப் பார்த்திருக்கிறேன். தலைமன்னார் வரை ரயில், அப்பால் கப்பல். அனுமதித்த மூட்டைக்குள் எதை எடுப்பது, எதை விடுவது என்று ஒவ்வொரு குடும்பமும் தவித்தது. 2004இல் நீலகிரிக்குச் சென்றபோது, தாயகம் திரும்பியோருக்காகத் தமிழ்நாடு அரசு அமைத்த தேயிலைத் தோட்டம் ஒன்றில் ஓய்வுபெற்ற தொழிலாளி ஒருவர் வீட்டுக் கூரைச் செருகலிலிருந்து ஒரு கத்தியை உருவிக் காட்டினார். லிந்துலையிலே பிடித்த கவ்வாத்துக் கத்தி. மூட்டையில் சேலைக்குள் சுற்றி அவருடைய தாயார் ஒளித்துக் கொண்டுவந்தாராம். வேலை என்று ஒன்று கிடைத்தால் கத்தி வேண்டுமல்லவா என்பது அந்தத் தாயின் கணக்கு. நீலகிரியிலும் அவர் அதே கத்தியால்தான் பல ஆண்டு வெட்டினார். நான் பார்த்தபோது அலகில் பாதி இல்லை. அலகடியில் ஏதோ முத்திரை இருந்த தடம் மட்டும் விரலுக்குத் தட்டுப்பட்டது. ஷெபீல்டா, வேறு ஊரா, நம் ஊர்க் கொல்லர் பட்டறையா என்று வாசிக்க வழியில்லை.

என்ன விலை வரும் என்று அவர் கேட்டார். சந்தையில் ஒன்றும் வராது என்றேன். சிரித்துக்கொண்டே மறுபடியும் கூரையில் செருகினார்.

அப்படிச் செருகிய கத்தி உங்கள் வீட்டிலும் இருக்கக்கூடும். இருந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்காதீர்கள். எண்ணெய்த் துணியால் துடைத்தால் போதும். பிடியில் சுற்றிய துணியையோ நூலையோ பிரிக்கவேண்டாம். ஒரு தாளில் பிடித்தவரின் பெயர், தோட்டம், எந்த மலை, ஏறத்தாழ எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை என்பனவற்றை எழுதுங்கள். அலகின் இப்போதைய அகலத்தையும், நினைவுள்ளவர் யாரேனும் இருந்தால் அது புதிதாய் இருந்தபோது எவ்வளவு அகலம் என்பதையும் கேட்டுக் குறித்து, அந்தத் தாளைக் கத்தியோடு சேர்த்துக் கட்டி வையுங்கள்.